பேய்க்கதையில் பயம் எந்த வரியில் பிடிக்கிறது?

தாழ்வாரம் (கேள்வி)

பேய்க்கதை கட்டமைப்பு பற்றித் தெரிந்தவர்களிடம் ஒரு கேள்வி. கதை சுமார் 3000 சொல். பாழடைந்த வீடு, மழை, நள்ளிரவு, மின்தடை எல்லாம் இருக்கிறது. இரண்டாம் பக்கத்திலேயே பேய் வந்துவிடும், முடிவில் அது யார், எப்படிச் செத்தது என்பதும் வந்துவிடும். படித்தவர்கள் "நல்லா இருக்கு" என்கிறார்கள். "பயமா இருந்தது" என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் 100 வருஷத்துக்கு முந்தைய கதைகளில் பல சமயம் பேய் முழுசாகக் கண்ணில் படுவதே இல்லை, படித்து முடித்தபின் விளக்கை அணைக்கக் கை போக மாட்டேன் என்கிறது.

முதல் அறிகுறியை எங்கே வைப்பது? பேயை எவ்வளவு காட்டலாம்? தமிழில் எழுதும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா? "சூழலை நன்றாக வர்ணியுங்கள்" என்பது போன்ற பொதுவான பதில் வேண்டாம். எந்த இடத்தில் எதை வைக்க வேண்டும், எங்கே தவறும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

நிழல்கணக்கு

பாழடைந்த வீடும் மழையும் நள்ளிரவும் முதல் பத்தியிலேயே வந்தால் வாசகர் தயாராகிவிடுவார். தயாராகி உட்கார்ந்திருப்பவரைப் பயமுறுத்துவது கஷ்டம். ஆங்கிலப் பேய்க்கதை எழுத்தாளர் எம். ஆர். ஜேம்ஸ் (1862–1936) இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார். ஆட்களைச் சாவகாசமாக அறிமுகப்படுத்துங்கள், அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கட்டும். கெட்டது அந்த நிம்மதிக்குள் மெல்லத் தலையை நீட்டட்டும். முதலில் யார் கண்ணையும் உறுத்தாமல், பிறகு கொஞ்சம் அழுத்தமாக, கடைசியில் மேடை முழுவதையும் அதுவே பிடித்துக்கொள்ளும்படி.

3000 சொல்லுக்கு என் கணக்கு இது. முதல் அறிகுறி 500-ஆவது சொல்லுக்குப் பக்கத்தில். படிக்கும்போது அது அறிகுறி என்றே தெரியக் கூடாது. இரண்டாவது 1300-இல். இதற்குப் பாத்திரம் நம்பத் தகுந்த ஒரு காரணம் இருக்க வேண்டும்: காற்று, எலி, மழையில் ஊதிப்போன மரச்சட்டம், எதுவானாலும் சரி. மூன்றாவது 1900-இல். அந்தக் காரணம் இங்கே செல்லாமல் போகிறது. நான்காவது 2300-இல், அதற்குப் பிறகு நிற்காமல் ஓட வேண்டியதுதான். இடைவெளி 800, 600, 400 என்று குறைந்துகொண்டே வருகிறது, பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே இடைவெளியில் வைத்தால் அடுத்தது எப்போது வரும் என்று வாசகர் கணித்துவிடுவார்.

ஆங்கில எழுத்தாளர் ஜேக்கப்ஸ் 1902-இல் எழுதிய ‘குரங்கின் பாதம்’ கதையைக் கடிகாரத்தைக் கழற்றுவது போலக் கழற்றிப் பார்க்கலாம். மூன்று வரம் தரும் ஒரு காய்ந்த குரங்குக் கை. முதல் வரம் 200 பவுண்டு. மகன் தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கிச் சாகிறான், நிறுவனம் அதே 200 பவுண்டை இழப்பீடாகக் கொடுத்தனுப்புகிறது. புதைத்துச் சில நாள் கழித்து ஓர் இரவு, அவன் உயிரோடு வர வேண்டும் என்று தாய் வற்புறுத்த, தந்தை இரண்டாம் வரம் கேட்கிறார். எதுவும் நடக்கவில்லை. இருவரும் படுக்கைக்குத் திரும்புகிறார்கள். பிறகுதான் கதவில் ஒரு தட்டல், காதில் விழுந்தும் விழாத மாதிரி. ஏன் அவ்வளவு தாமதம்? கல்லறை 2 மைல் தள்ளி இருப்பதை மறந்துவிட்டேனே என்கிறாள் தாய். அந்த ஒரு வாக்கியத்தில், அதுவரை எதுவும் நடக்காத நேரம் முழுவதும் அது இருட்டில் நடந்து வந்துகொண்டிருந்த நேரமாக மாறிவிடுகிறது. அது நடப்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

வந்திருப்பது எப்படி இருக்கும் என்பதும் ஏற்கெனவே வேறு சாக்கில் சொல்லியாகிவிட்டது. செத்தபோதே உடையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது என்று தந்தை சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு 10 நாள் ஆகிவிட்டது. வர்ணனையை வாசகர் தானே செய்துகொள்கிறார், யார் எழுதுவதையும்விட மோசமாகச் செய்துகொள்கிறார்.

இன்னொன்று: அந்தக் கடைசிக் காட்சியில் பேய் வெளியே நின்று கதவைத் தட்டுவதோடு சரி. போராட்டம் முழுவதும் வீட்டுக்குள் இருக்கும் இரண்டு பேருக்கு இடையில்தான். கீழ்த் தாழ்ப்பாளை எடுத்துவிட்டாள், மேல் தாழ்ப்பாள் எட்டவில்லை, நாற்காலியை இழுக்கிறாள். அவர் தரையில் முட்டி போட்டு இருட்டில் அந்தக் கையைத் தேடித் துழாவுகிறார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. உங்கள் கதையில் பாத்திரமும் பேயும் மட்டும் மோதினால், ஓடுவது ஒன்றைத் தவிர எழுத எதுவும் மிஞ்சாது.

மெய்ப்புத்திருத்தி

சொல் கணக்கு சரிதான். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, ஆள் ஏன் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை? இதற்குப் பதில் பயம் தொடங்குவதற்கு முன்பே கதையில் இருக்க வேண்டும். பிறகு சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். டிக்கன்ஸின் ‘சிக்னல்மேன்’ (1866) கதையில் ரயிலுக்குச் சைகை காட்டும் ஆள் பணியில் இருக்கிறான், தன் இடத்தை விட்டு நகர முடியாது. எம். ஆர். ஜேம்ஸின் விசில் கதையில் (1904), கண்டெடுத்த பழைய விசிலை ஊதி எதையோ வரவழைத்துவிடும் பேராசிரியர் பார்க்கின்ஸுக்குப் பேய் என்ற பேச்சே பிடிக்காது, பயந்து அறையை மாற்றிக்கொண்டால் அவர் கொள்கை என்னாவது? கடமை, வீம்பு, ஆசை இந்த மூன்றில் ஒன்று போதும். மழை பெய்கிறது, வண்டி பழுது என்பவை வெளியிலிருந்து ஒட்டவைத்த காரணங்கள். அவை ஆளை நிறுத்திவைக்கும், ஆனால் அவனே கதவைத் திறக்கும்படி செய்யாது.

இரண்டு, பேயால் எது முடியாது? எல்லாம் முடியும் என்றால் பதற்றமே இல்லை, அது எப்போது வேண்டுமானாலும் கொன்றுவிடலாம், தப்பிக்க வழி தேடுவதில் அர்த்தமில்லை. விசில் கதையில் வருவதற்குக் கண் தெரியாது. படுக்கை விரிப்பை உடம்பாகச் சுருட்டிக்கொண்டு, கையால் தடவித் தடவித் தேடுகிறது. அது குருடு என்று வாசகருக்குப் பிடிபடும் நொடியில் மூச்சு தானாக அடங்கிவிடும், சத்தம் போட்டால் கண்டுபிடித்துவிடுமே என்று. வரம்பு வைத்ததால்தான் அந்த அடக்கம் வருகிறது.

முதல் அறிகுறி எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்பதற்கும் அதே கதை நல்ல பாடம். விடுதி அறையில் இரண்டு கட்டில், தங்குவது ஒருவர். காலையில் வேலைக்காரப் பெண் இரண்டாம் கட்டிலும் கலைந்து கிடந்ததைச் சொல்கிறாள். சாமானைப் பிரித்து வைத்ததில் கலைந்திருக்கும் என்கிறார் அவர். அவ்வளவுதான். வீட்டு வேலையைப் பற்றிய பேச்சு போலக் கடந்துவிடுகிறது.

அடுத்தது, மூன்று முறை திரும்ப வருவது பற்றி. திரும்ப வருவதே பயத்தைக் கூட்டாது. விக்கிரமாதித்தன் கதையை நினைத்துப் பாருங்கள். சுடுகாடு இருக்கிறது, இரவு இருக்கிறது, தோளில் பிணம் இருக்கிறது, வாயைத் திறந்தால் வேதாளம் மரம் ஏறிவிடும் என்ற கறாரான விதியும் இருக்கிறது. ஆனாலும் நாம் பயப்படுவதில்லை, புதிருக்கு விடை தேடுகிறோம். காரணம், ஒவ்வொரு முறையும் கதை பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது, விலை ஏறவில்லை. சிக்னல்மேனிலும் எச்சரிக்கும் உருவம் ஒன்று மூன்று தடவை வருகிறது. முதல் தடவை அடுத்த 6 மணி நேரத்துக்குள் பெரிய ரயில் விபத்து, பலர் சாவு. இரண்டாவது தடவை ரயிலுக்குள் ஒரு பெண்ணின் சாவு. மூன்றாவது தடவை உருவம் வந்துவிட்டது, எச்சரிக்கை எதற்கென்றுதான் தெரியவில்லை. வட்டம் கூட்டத்திலிருந்து ஒருவருக்குச் சுருங்கி, பிறகு காலியாக நிற்கிறது. அந்தக் காலியிடத்தில் அவனை நிறுத்திப் பார்ப்பது நாம்தான்.

வினைமுற்று

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். தமிழில் பேய்க்கதை எழுத நம் இலக்கணமே பெரிய கருவி. பெரும்பாலானவர்கள் அதை எடுப்பதே இல்லை.

நம் வினைமுற்று திணையையும் பாலையும் காட்டிவிடும்: நின்றான், நின்றாள், நின்றது. இது பேயை மறைக்க இடைஞ்சல் என்று தோன்றும். உண்மையில் ஒரே ஒரு விகுதியில் ஆளைப் பொருளாக மாற்றும் வசதி நமக்கு இருக்கிறது. பாருங்கள்:

*வாசலில் ஒரு பெண் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கூப்பிட்டான். திரும்பவில்லை. இன்னும் ஒரு முறை கூப்பிட்டான். திரும்பியது.*

முகம் எப்படி இருந்தது என்று இதற்கு மேல் எழுத வேண்டியதே இல்லை. நடுவில் உள்ள "திரும்பவில்லை" என்பதைக் கவனியுங்கள். "இல்லை" சேர்ந்த எதிர்மறை வினைக்குப் பால் கிடையாது. அவளுக்கும் பொருந்தும், அதற்கும் பொருந்தும். "நின்றிருந்தாள்" என்பதிலிருந்து "திரும்பியது" என்பதற்குப் போக அதுதான் பாலம். அதை எடுத்துவிட்டு "நின்றிருந்தாள், திரும்பியது" என்று அடுத்தடுத்து வைத்தால் அச்சுப்பிழை மாதிரி இருக்கும். ஒரு கதையில் ஒரே ஒரு தடவைதான் இதைச் செய்யலாம். செய்தபின் அந்த உருவத்துக்கு மறுபடி "ஆள்" விகுதி போடக் கூடாது.

வேற்றுமை உருபிலும் இது உண்டு. "கதவு திறந்தது" என்றால் காற்றாக இருக்கலாம். "கதவைத் திறந்தது" என்றால் வெளியே எழுவாய் சொல்லப்படாத ஒன்று நிற்கிறது. வித்தியாசம் ஒரு "ஐ" மட்டும். இரண்டாம் அறிகுறியில் முதல் வடிவத்தையும், கடைசிக் காட்சியில் இரண்டாவது வடிவத்தையும் வைத்துப் பாருங்கள். வேகமாகப் படிப்பவர்கூட அந்த இடத்தில் நின்று மேலே போய் மறுபடி படிப்பார்.

குழந்தை என்ற சொல்லுக்கு நாம் சாதாரணமாகவே "சிரித்தது, ஓடியது" என்றுதான் எழுதுகிறோம். ஆகவே குழந்தை உருவில் வரும் ஒன்றைப் பல பக்கங்களுக்கு மறைத்து வைக்க முடியும், யாருக்கும் பொறி தட்டாது. ஆனால் அங்கே விகுதி மாற்றத்தை வைத்து அதிர்ச்சி கொடுக்க முடியாது, வேறு வழி பார்க்க வேண்டும்.

கை வைக்கவே கூடாத சொற்களும் சில உண்டு. "திடீரென்று" என்பது அதிர்ச்சிக்கு முன்னால் மணி அடித்துவிடும். "பயங்கரமான", "அமானுஷ்யமான" இரண்டும் வாசகர் அடைய வேண்டிய முடிவை நாமே சொல்லிவிடுவது. "இரத்தம் உறைந்தது", "மயிர்க்கூச்செறிந்தது" என்றால் பாத்திரம் பயந்து முடித்துவிட்டது, வாசகருக்கு மிச்சமில்லை. ஒலிக்குறிப்பில் "கிறீச்", "சரசர" இரண்டும் தேய்ந்தவை. சத்தத்துக்குப் பெயர் வைப்பதைவிட, சத்தம் எவ்வளவு நேரம் நீடித்தது, எங்கே நின்றது, மறுபடி எங்கிருந்து தொடங்கியது என்று எழுதினால் அது அறைக்குள் இடம் பிடித்துக்கொள்ளும்.

தாழ்வாரம்

மூன்று பதிலும் மிகவும் பயனுள்ளவை. வினைமுற்று ஐயா, அந்த "திரும்பியது" படித்ததும் நிஜமாகவே சிலிர்த்தது. உங்கள் பட்டியலில் உள்ள தவறு அத்தனையும் என் கதையில் இருக்கிறது. உச்சக் காட்சி இதுதான், யாராவது வெட்டித் தந்தால் கற்றுக்கொள்வேன்:

*திடீரென்று கதவு கிறீச் என்று திறந்தது. அங்கே வெள்ளை உடையில், தலைவிரி கோலமாக, பயங்கரமான ஒரு உருவம் நின்றது. அதன் கண்கள் நெருப்பாய் எரிந்தன. அவன் பயத்தில் உறைந்துபோனான்.*

இன்னொரு சந்தேகம். பேய் நிஜமா, அவன் மனப்பிரமையா என்று தெளிவில்லாமல் விட்டுவிடுவது நல்லதா?

ஊசிக்காது

உங்கள் நான்கு வாக்கியத்தில் முதல் சொல்லிலேயே காட்சி முடிந்துவிட்டது. அது கதவு திறந்த *பிறகு* தொடங்குகிறது, பயம் இருப்பது திறப்பதற்கு *முன்பு*. இப்படி மாற்றலாம்:

*தாழ்ப்பாள் போட்டதை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தான். இப்போது அது நகரும் சத்தம் கேட்டது. மெதுவாக, நடுவில் ஒருமுறை நின்று, யாராவது விழித்துவிட்டார்களா என்று காது கொடுப்பதைப் போலக் கொஞ்சம் பொறுத்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி. வெளியிலிருந்து அந்தத் தாழ்ப்பாளைத் தொட முடியாது.*

உடை, கண், தலைமுடி எதுவும் தேவைப்படவில்லை. கடைசி வாக்கியம் புதிதாக எதையும் காட்டவில்லை. இடத்தைப் பற்றிய ஒரு தகவலை நினைவுபடுத்துகிறது, அந்தத் தகவல் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லிவிடுகிறது. இது வேலை செய்ய, தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும்தான் என்பது 1000 சொல்லுக்கு முன்பே வேறு காரணத்துக்காக வந்திருக்க வேண்டும். உதாரணமாக, வெளியே போகும்போது இந்தக் கதவைப் பூட்ட வழியில்லையே என்று அவன் அலுத்துக்கொள்ளலாம். அங்கே அழுத்திச் சொன்னால் தந்திரம் தெரிந்துவிடும். ஒரு தடவை மட்டும் சொன்னால் மறந்துவிடும். வேறு வேறு காரணத்துக்காக இரண்டு தடவை சொல்வது சரியான அளவு.

நடுவாக்கியம் நீளமாக இருப்பதும் வேண்டுமென்றேதான். பதற்றம் என்றால் சின்னச் சின்ன வாக்கியம் என்று பலர் நினைக்கிறார்கள். சின்ன வாக்கியம் அடி விழும்போது. அடிக்குக் காத்திருக்கும்போது நீளம் வேண்டும், தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் முடிவைத் தள்ளிப்போட நமக்கு நிறைய இடம் இருக்கிறது. எழுதியதை உரக்கப் படித்துப் பாருங்கள். எம். ஆர். ஜேம்ஸ் தன் கதைகள் பலவற்றைக் கிறிஸ்துமஸ் இரவில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டவே எழுதினார், அந்த மூச்சுக்கணக்கு அவர் வாக்கியங்களில் தெரியும்.

வீட்டின் அமைப்பும் முன்கூட்டியே வாசகர் தலையில் இருக்க வேண்டும். மாடிப்படி 14 என்று வைத்துக்கொள்வோம். பகலில் ஒரு சிறுமி எண்ணிக்கொண்டே ஏறுகிறாள், 14-இல் கை தட்டுகிறாள். இரவில் மேலிருந்து காலடி இறங்குகிறது. "ஒன்று, இரண்டு" என்று எழுதாதீர்கள், ஒவ்வொரு சத்தத்துக்கும் நடுவில் கீழே படுத்திருப்பவர் செய்யும் சின்னக் காரியத்தை எழுதுங்கள். போர்வையை இழுப்பது, பக்கத்தில் தூங்குபவரின் மூச்சைக் கேட்பது. எண்ணும் வேலையை வாசகர் எடுத்துக்கொள்வார். 13-இல் நிறுத்திவிடுங்கள்.

பிரமையா நிஜமா என்ற கேள்விக்கு: விடலாம், ஆனால் இரண்டு பக்கமும் முழு வழக்கு இருக்க வேண்டும். ஹென்றி ஜேம்ஸ் 1898-இல் எழுதிய ‘தி டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ’வில் ஆசிரியை பார்க்கும் உருவங்களைத் தானும் பார்த்ததாக வேறு யாரும் ஒப்புக்கொள்வதில்லை. பிரமை என்று சொல்ல இது போதும். ஆனால் அவள் முன்பின் பார்த்திராத ஆளை அடையாளம் சொல்ல, வீட்டு நிர்வாகி அது செத்துப்போன இன்னார் என்று பெயரே சொல்லிவிடுகிறாள். பிரமை இல்லை என்று சொல்ல இது போதும். வாசகர் நூறு வருஷத்துக்கு மேல் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவது இதனால்தான். கதையை எழுதி முடித்தபின் ஒரு தாளில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் எத்தனை சான்று, அந்தப் பக்கம் எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு பக்கம் 5, மறுபக்கம் 1 என்றால் அது தெளிவின்மை இல்லை, அரைகுறை.

மெய்ப்புத்திருத்தி

ஊசிக்காது சொன்னதோடு ஓரளவுதான் ஒத்துப்போகிறேன். முதல் கதைகளை எழுதும்போது பிரமையா நிஜமா விளையாட்டே வேண்டாம். பேய் நிஜம் என்று உங்களுக்குள் முடிவெடுத்துக்கொண்டு, அதைக் காட்டாமல் எழுதுங்கள். எழுதுபவருக்கே தெரியாதபோது அறிகுறிகள் ஒன்றோடொன்று சேராமல் சிதறும்: ஒரு நாள் குளிர், ஒரு நாள் சிரிப்பு, ஒரு நாள் கண்ணாடியில் ரத்தம். ஒரே பேய் ஒரே மாதிரிதான் வர வேண்டும், நெருக்கம்தான் கூட வேண்டும். ஒலியில் தொடங்கினால் ஒலியிலேயே வளர்த்து, தொடுகைக்குப் போய், பார்வையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாற்றமும் நல்ல தொடக்கம், காதையும் கண்ணையும் போல அதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது, மூச்சு விட்டாக வேண்டும்.

அப்புறம், பேய் யார், எப்படிச் செத்தது என்ற பின்கதை. அதை உச்சக் காட்சிக்கு முன்னால் வைத்தால் பயம் பரிதாபமாகிவிடும், பின்னால் வைத்தால் வழக்கு விசாரணையாகிவிடும். துண்டு துண்டாக, மொத்தம் 100 சொல்லுக்குள், யாரோ ஒருவர் வாயில் அரைகுறைப் பேச்சாக வரட்டும். "அந்த அறையில் யாரும் படுப்பதில்லையாம்" என்பதில் உள்ள "ஆம்" ஒன்றே பாதிப் பின்கதை.

தாழ்வாரம்

பின்கதை இப்போது 700 சொல் இருக்கிறது, வெட்டுகிறேன். முடிவுதான் பாக்கி. இப்போதைய முடிவு: மறுநாள் காலை, பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து எல்லாவற்றையும் விளக்குகிறார்.

நிழல்கணக்கு

பெரியவரை எடுத்துவிடுங்கள். அவர் சொல்வதில் தேவையானது ஒரு வாக்கியம் இருந்தால், அதைக் கதையின் முதல் பாதியில் வேறு யார் வாயிலாவது வையுங்கள்.

ஜேக்கப்ஸ் கதை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மூன்றாம் வரத்தைத் தந்தை கேட்டுவிடுகிறார். தட்டல் நிற்கிறது. கதவு திறந்து குளிர்காற்று உள்ளே வருகிறது. வெளியே ஆளில்லாத தெரு, எதிரே மினுக்கும் தெருவிளக்கு. அங்கேயே கதை முடிந்தது. என்ன வரம் என்றுகூட எழுதவில்லை, நமக்குத் தெரியும். கடைசி வரியில் பேய் இல்லை, அது நின்ற இடம் இருக்கிறது.

உங்களுக்கு ஊசிக்காது கொடுத்த தாழ்ப்பாளை வைத்தே முடிக்கலாம். காலை, கதவு சாத்தியபடி இருக்கிறது, தாழ்ப்பாள் போட்டபடி. அவன் படுக்கையை விட்டு எழுந்து, இரவு செய்தது போலவே அதை இழுத்துப் பார்க்கிறான். இரவு முழுவதும் யாரோ பிடித்திருந்த மாதிரி இரும்பு வெதுவெதுப்பாக இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு சொல்கூட எழுதாதீர்கள்.